இல்லாமல் இருப்பதில் முதலிடம்

வீட்டை விற்பது என்று முடிவு செய்துவிட்டால் அந்த ஊரில் முதல் வேலை, அந்த வீட்டில் யாரும் வாழ்ந்ததாகவே தெரியாமல் பார்த்துக்கொள்வது. இதைச் செய்து கொடுப்பதற்கென்றே 'முதல் பார்வை நிறுவனம்' என்று ஒன்று இருந்தது. அதன் முத்திரை வாசலில் ஒட்டாத வீட்டை வாங்க ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சுவர் விரிசல் விட்டிருக்கலாம், கூரை ஒழுகலாம், அதெல்லாம் சகஜம். முத்திரை இல்லை என்றால் மட்டும் ஏதோ வில்லங்கம் என்று ஊரே முடிவு கட்டிவிடும்.

லிஃப்ட்காரருக்கு இந்தச் சங்கதியெல்லாம் தாமதமாகத்தான் தெரிந்தது. பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலையை விட்ட பிறகும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். ஊரிலிருக்கும் பெரிய மனிதர்களையெல்லாம் கால் நோகாமல் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கு வாய்த்ததோ செங்குத்தான மாடிப்படி உள்ள வீடு. கூடமும் சமையலறையும் கீழே. குளியலறையும் கழிப்பறையும் மாடியில். அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஒவ்வொரு தடவையும் படியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, பின்னோக்கி ஒவ்வொரு படியாக ஏறுவாள். பாதியில் வலி தாங்காமல் கொஞ்சம் அழுவாள். அழுது முடித்துவிட்டு மிச்சப் படிகளை ஏறுவாள்.

பக்கத்துத் தெருவில் தரையோடு தரையாக ஒரு சின்ன வீடு விலைக்கு வந்திருந்தது. இதை விற்றால் அதை வாங்கிவிடலாம். படுக்கையிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, யார் தயவும் இல்லாமல் கழிப்பறைக்குப் போக வேண்டும். முடிந்தால் வாசல்வரை போய்த் தெருவைப் பார்க்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

நிறுவனத்தின் இயக்குநர் நேரிலேயே வந்தார். கூடவே ஒரு பாவனை அதிகாரி, ஒரு மண அதிகாரி. கூடத்துக்குள் காலெடுத்து வைத்த இயக்குநர், கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“இது என்ன?”

“என் சம்சாரம் சார்.”

“எப்பவும் இங்கதான் இருக்குமா?”

“ஆமா சார். மாடியேற ரொம்ப சிரமம்.”

“அசையுமா?”

“அசையும் சார். கொஞ்சம் நேரமாகும்.”

“உட்காருங்க” என்றாள் மனைவி. மூவரும் உட்காரவில்லை. மண அதிகாரி அவள் முழங்கால் பக்கம் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, “தைலம்” என்று துக்க வீட்டில் சொல்வதுபோல் சொன்னார்.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஐயா, வீடு பாக்க வர்றவங்க வீட்டையா பாக்கறாங்க? இல்ல. இனிமே நாம எப்படி இருக்கப்போறோம்னு பாக்கறாங்க. உள்ள வந்ததும் உங்க சம்சாரம் கண்ணுல பட்டாங்கன்னு வைங்க, இந்த வீட்டுக்கு வந்தா நமக்கும் வயசாயிடும்னு தோணிடும். எங்க நிறுவனம் பல வருஷமா ஆராய்ச்சி பண்ணி ஒரு உண்மையைக் கண்டுபிடிச்சிருக்கு. வாங்கறவங்களுக்கு வயசாகறது பிடிக்கறதில்ல.”

“எனக்கும்தான் பிடிக்கல” என்றாள் மனைவி.

“இந்தா, சும்மா இரு” என்று அதட்டினார் லிஃப்ட்காரர்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவியைக் கூப்பிட்டது 'இந்தா' என்றுதான். கோபம் வந்தால் 'ஏய்'. அதில் அவருக்குக் குறையொன்றும் தெரிந்ததில்லை. அவளும் கேட்டால் திரும்பிப் பார்ப்பாள். அதற்குமேல் ஓர் அழைப்புக்கு என்ன வேலை இருக்கிறது?

மறுநாளே வேலை ஆரம்பமானது. நாள்காட்டி போனது, படங்கள் போயின, கட்டில் போனது. அவள் தலை சாய்த்துச் சாய்த்துச் சுவரில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. அதைச் சுரண்டி எடுக்க ஒரு ஆளும், சுரண்டிய இடத்தில் வெள்ளையடிக்க இன்னொரு ஆளும் வந்தார்கள். மண அதிகாரி ஒரு பெட்டி நிறையப் புட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். 'ஞாயிற்றுக்கிழமை காலை', 'குழந்தை குளித்த பிறகு', 'விருந்தாளி போன நிம்மதி' என்று ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டியிருந்தது. நீண்ட யோசனைக்குப் பிறகு இந்த வீட்டுக்கு 'சண்டையே போடாதவர்கள்' என்ற மணம்தான் பொருந்தும் என்று தேர்ந்தெடுத்து மூலைக்கு மூலை தெளித்தார். லிஃப்ட்காரருக்கு அது பாத்திரம் கழுவும் பொடி மாதிரி இருந்தது.

வாசலில் ஒரு ஜோடி குழந்தைச் செருப்பு வைத்தார்கள். படிக்கட்டை ஒட்டிய சுவரில், பிள்ளை வளர வளர உயரம் பார்த்துக் கோடு போடுவார்களே, அப்படிப் பென்சிலால் வரிசையாகக் கோடு போட்டார்கள்.

“எங்களுக்குப் பிள்ளைங்க இல்லீங்களே” என்றார் லிஃப்ட்காரர்.

“வாங்கறவங்களுக்கு இருக்குமில்ல” என்றார் பாவனை அதிகாரி.

மாடியில் கழிப்பறையை ஒட்டிச் சாமான் போட்டுவைக்கும் அறை ஒன்று இருந்தது. பாய் விரித்தால் ஒரு ஆள் படுக்கலாம். காலை நீட்டுவதா வேண்டாமா என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். விற்பனை முடியும்வரை, ஆள் வருகிற நாளெல்லாம் மனைவி அங்கேதான் என்று இயக்குநர் தீர்ப்பளித்தார். “கழிப்பறை பக்கத்துலயே இருக்கு. நீங்க வீட்டை விக்கறதே அதுக்குத்தானே? விக்கறதுக்கு முன்னாடியே உங்க பிரச்சினையைத் தீர்த்து வச்சிட்டோம். இதுக்குத் தனியா கட்டணம்கூட வாங்கறதில்ல.”

இரண்டு சுமைதூக்கிகள் அவளை நாற்காலியோடு தூக்கினார்கள். “சாய்ச்சுப் பிடி, சாய்ச்சுப் பிடி, இடிச்சிடாதே!” என்று பாவனை அதிகாரி கூடவே கத்திக்கொண்டு போனார். அவர் பதறியது புது வெள்ளையடித்த சுவருக்காக. போகிற வழியில் அவள் பென்சில் கோடுகளைப் பார்த்தாள்.

“யாரு பிள்ளைங்க இது?”

“யாரோடதும் இல்லம்மா. அழகுக்குப் போட்டது.”

கைக்கு எட்டியபோது, இருப்பதிலேயே உயரமான கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். “நல்லா வளந்திருக்கான்” என்றாள். அதற்குள் நாற்காலி மேலே போய்விட்டது.

கீழே கட்டில் இருந்த இடத்துக்கு நிறுவனம் ஒரு காட்சி மனைவியை அனுப்பிவைத்தது. முழங்கால் இரண்டும் பழுதில்லை என்று மருத்துவச் சான்றிதழ் பெற்ற பெண்மணி. வாடிக்கையாளர் எதிரில் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே மாடிக்கு ஏறி இறங்க வேண்டும். அதைப் பார்ப்பவர்களுக்குப் படி இருப்பதே மறந்துபோக வேண்டும். அதே வாரத்தில் அவள் வேறு சில வீடுகளிலும் மனைவியாக இருந்தாள். ஒரு வீட்டில் மட்டும், வாங்க வருகிறவர்களின் ரசனையை உத்தேசித்து, விதவை.

அவளிடம் லிஃப்ட்காரர் அன்பாகப் பேச வேண்டும். வந்தது வினை.

“இந்தா, தண்ணி கொண்டா” என்று ஆரம்பித்தார்.

பாவனை அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். “ஐயா, இது வீட்டுக்காரியைக் கூப்பிடறதா, கோழியை விரட்டறதா? வாழ்க்கைல யார்கிட்டயாவது குழைஞ்சு பேசியிருக்கீங்களா?”

லிஃப்ட்காரர் நேர்மையாகவே யோசித்தார். “எங்க மேனேஜிங் டைரக்டர் லிஃப்ட்ல ஏறும்போது பேசுவேன் சார்.”

“எங்க, பேசுங்க.”

லிஃப்ட்காரரின் முதுகு தானாக வளைந்தது. ஒரு கை முன்னால் நீண்டது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “வாங்க சார், வாங்க. மெதுவா, பாத்து வாங்க. நான் இருக்கேன் இல்ல?”

காட்சி மனைவியே ஒரு கணம் தலையைக் குனிந்துகொண்டாள்.

“இதேதான்!” என்று துள்ளினார் பாவனை அதிகாரி. “அந்த 'சார்' இருக்கில்ல, அதை எடுத்துட்டு 'கண்ணு' போடுங்க. அவ்வளவுதான் இல்லறம்.”

பிறகு அவர் மாடிக்குப் போய் மனைவிக்கும் பயிற்சி கொடுத்தார். “உங்க வீட்டுக்காரர் குரல்ல பாசம் கேட்டுதுன்னா வெளியாள் வந்திருக்காங்கன்னு அர்த்தம். உடனே தாழ்ப்பாளைப் போட்டுட்டு மூச்சுவிடாம இருக்கணும்.”

“பாசம்தான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?”

“நீங்க இதுவரைக்கும் கேக்காத மாதிரி இருக்கும்.”

“அப்ப கண்டுபிடிச்சிடுவேன்” என்றாள் அவள்.

வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் சுவரைத் தட்டினார்கள், குழாயைத் திறந்தார்கள், மூச்சை இழுத்து 'சண்டையே போடாதவர்கள்' மணத்தை அனுபவித்தார்கள். குழந்தைச் செருப்பைப் பார்த்துச் சிரித்தார்கள். லிஃப்ட்காரர் “பாத்து வா கண்ணு” என்பார். காட்சி மனைவி பாட்டு முணுமுணுத்தபடி படியேறுவாள். சாமான் அறையைக் காட்டி இது என்ன என்று கேட்டால், மின்சார மீட்டர், தொட்டால் ஷாக் அடிக்கும் என்று சொல்வார்கள். மீட்டர் மூச்சுவிடாமல் இருக்கும்.

ஒரு நாள் மீட்டர் இருமிவிட்டது. வீடு பார்க்க வந்த கணவன் மனைவி இருவர் மாடியில் நின்றிருந்த நேரம். காட்சி மனைவி பதறாமல், “பூனைங்க” என்றாள். வந்தவருக்குப் பூனை என்றாலே மூக்கு அடைத்துக்கொள்ளுமாம். அந்த இடத்திலேயே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கியவர்தான், திரும்பி வரவில்லை. இயக்குநர் இதை லேசில் விடவில்லை. ஒரு பொறுப்பற்ற இருமல் நிறுவனத்தின் மானத்தையே வாங்கிவிட்டதாக ஒரு மணி நேரம் பேசினார். அதன் பிறகு மனைவிக்குக் கடித்துக்கொள்ளத் துணி கொடுத்தார்கள். அடிக்கடி தூக்கி இறக்கினால் சுவரில் கீறல் விழுகிறது என்று, ஆள் வராத நாளிலும் அவளை மேலேயே வைத்துவிட்டார்கள். லிஃப்ட்காரர் தட்டில் சோற்றைப் போட்டு மேலே கொண்டுபோவார். “இந்தா” என்று வைத்துவிட்டு இறங்கிவிடுவார். கீழே பயிற்சி இருக்கும்.

இந்தப் பயிற்சி அவருக்குப் பிடிக்க ஆரம்பித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தன் வாயிலிருந்து இப்படியெல்லாம் வருகிறதே என்று அவருக்கே ஒரு பெருமை. வீடு பார்க்க வந்த பெண்கள் தங்கள் கணவர்களை முறைப்பதைப் பார்க்கும்போது உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. ஆனால் ஆட்கள் போய்க் கதவைச் சாத்தியதும் குரல் அணைந்துவிடும். காட்சி மனைவியும் கொண்டையை அவிழ்த்துப்போட்டு, தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொள்வாள். “நாள் பூரா கொஞ்சிப் பேசறேன் சார். வீட்டுக்குப் போனா எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேச வாய் வரமாட்டேங்குது” என்று ஒரு தடவை சொன்னாள். லிஃப்ட்காரர் தலையாட்டினார். என்ன சொல்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

இதற்கிடையில் நிறுவனத்தின் ஆண்டு விழா வந்தது. சிறந்த மணம், சிறந்த வாசல் என்று பரிசுகள் கொடுத்துக்கொண்டே வந்த இயக்குநர், கடைசியில் மேடையில் உணர்ச்சிவசப்பட்டார். “இல்லாமல் இருப்பது ஒரு கலை! எத்தனையோ வீடுகள்ல முதியவங்களை ஒளிச்சு வச்சிருக்கோம். முனகுவாங்க, புரளுவாங்க, பசிக்குதுன்னு கதவைத் தட்டுவாங்க. ஆனா ஒரே ஒரு அம்மா, ஒரே ஒரு இருமலுக்கு அப்புறம், அடியோட இல்லாமப் போயிட்டாங்க! அவங்களை மாதிரி இல்லாம இருக்க எவராலயும் முடியாது!” பரிசுக் கேடயத்தை மனைவி சார்பில் காட்சி மனைவி வாங்கிக்கொண்டாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. லிஃப்ட்காரரும் தட்டினார்.

கேடயத்தை மாடிக்குக் கொண்டுபோய்க் காட்டினார். மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதை எங்க வைக்கறது? கால் நீட்டற இடத்துலதான் வைக்கணும்” என்றாள்.

கடைசியில் ஒரு பல் மருத்துவர் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் வீட்டைப் பார்க்கவே இல்லை, லிஃப்ட்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காட்சி மனைவி மாடியேறும்போது அவர் கை நீட்டிக் குனிந்து, “மெதுவா கண்ணு” என்றதும் அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “டேய், இந்த வீட்டையே வாங்கிடு. இவங்க வாழ்ந்த இடத்துல இருந்தா உனக்கும் உன் பொண்டாட்டிக்கும் கொஞ்சமாவது ஒத்துப்போகும்” என்றாள். பல் மருத்துவர் பேரம்கூடப் பேசவில்லை. எல்லாக் கையெழுத்தும் முடிந்தது. இன்ன தேதி மதியம் வீட்டை 'காட்டியபடி' ஒப்படைக்க வேண்டும் என்று பேச்சு.

அந்த நாள் காலையில் லிஃப்ட்காரர் சுமைதூக்கிகளுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. தொலைபேசியில் இயக்குநரே பேசினார்.

“விற்பனை முடிஞ்சிடுச்சே ஐயா. இனிமே எங்க ஆளுங்க எதுக்கு?”

“சம்சாரத்தை மாடிலேர்ந்து இறக்கணும் சார்.”

“மாடில யாரும் இல்லன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்க? இல்லாத ஆளை இறக்க ஆள் அனுப்பினா எங்க நிறுவனத்தோட நாணயம் என்ன ஆகும்?”

“என்னால தூக்க முடியாதே சார்.”

“இறங்கி வரச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு, வாங்கினவங்க கண்ணுல மட்டும் பட்டுடக் கூடாது. பட்டா, காட்டினபடி இல்லன்னு வீட்டைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க. அந்தத் தரை வீடும் போயிடும். வாழ்த்துகள்” என்று வைத்துவிட்டார்.

தரை வீட்டுக்குப் போக அழைத்திருந்த வாடகை வண்டி வாசலில் வந்து நின்றது. லிஃப்ட்காரர் மேலே ஓடி விஷயத்தைச் சொன்னார். வீட்டை வாங்கியவர்கள் வருவதற்குள் போய்விட வேண்டும். அவர்கள் பார்த்துவிட்டால் எல்லாம் பாழ். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். மெல்ல நகர்ந்து வந்து படிக்கட்டின் உச்சியில் உட்கார்ந்து, வீங்கிய கால்கள் இரண்டையும் முதல் படியில் வைத்தாள்.

“ஒருத்தரும் தூக்க வேணாம். உட்கார்ந்து உட்கார்ந்து நானே இறங்கிடுவேன். நீங்க கீழ போய் நின்னு, அவளைக் கூப்பிடுவீங்களே, அந்த மாதிரி என்னை ஒரு தடவை கூப்பிடுங்க.”

“எவளை?”

“கீழ இருந்தவளைத்தான். தினமும் கேட்டுக்கிட்டுதானே இருந்தேன். முதல் நாள் சிரிப்பு வந்துச்சு. துணியைக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரல.”

“ஏய், அது நடிப்பு.”

“எனக்கும் நடிச்சாப் போதும்.”

லிஃப்ட்காரர் கீழே போய் நின்றார். படிக்கட்டு நடுவில் திரும்பும் என்பதால் அவள் முகம் தெரியவில்லை. கைப்பிடிச் சட்டங்களின் இடைவெளியில் அந்தப் பாதங்கள் மட்டும் தெரிந்தன. நேரம் ஆகிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை, அதுவும் இத்தனை நாள் சரளமாகப் புழங்கிய வார்த்தை.

“இந்தா” என்றார். நாக்கைக் கடித்துக்கொண்டார். “கண்...” என்று ஆரம்பித்தார், தொண்டையில் முள் மாதிரி நின்றது. வெறும் கூடம், தனக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கிற இடம். இங்கே எப்படிக் குழைவது? வெட்கமாக இருந்தது, கோபமாக வந்தது, அழுகையும் வந்தது. மேனேஜிங் டைரக்டர் எதிரே நிற்பதாக நினைத்துக்கொண்டு குனிந்து கை நீட்டிப் பார்த்தார்.

“வாங்க சார்” என்றது வாய்.

“சார் வேணாம்” என்றது மேலிருந்து குரல். அவள் கோபப்படவில்லை. காத்திருந்தாள்.

ஒப்படைக்க வேண்டிய சாவியைக் கையில் வைத்துப் பிசைந்தபடி லிஃப்ட்காரர் நின்றார். வியர்த்துக் கொட்டியது. உள்ளே எங்கேயோ அந்தக் குரல் இருந்தது. இல்லாததா இத்தனை நாள் வந்தது? அவளுக்கென்று எடுத்தால் மட்டும் கைக்கு அகப்படாமல் நழுவியது. அவர் அவளை மனதார வேண்டினார், இன்னும் கொஞ்சம் பொறு, வந்துவிடும் என்று. அதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பல் மருத்துவரும் அவர் அம்மாவும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து கூடத்தில் நின்றார்கள்.

லிஃப்ட்காரரின் முதுகு வளைந்தது. சாவி இருந்த கை முன்னால் நீண்டது. முகத்தில் வெளிச்சம் வந்தது. தொண்டையில் இருந்த முள் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

“வா கண்ணு” என்றார், படிக்கட்டைப் பார்த்து. “மெதுவா, பாத்து வா. நான் இருக்கேன் இல்ல?”

அப்படி ஒரு குரல் எந்தக் காட்சியிலும் அவருக்கு வந்ததில்லை. இந்தத் தடவை அவர் அவளைத்தான் கூப்பிட்டார். வந்துவிட்டது, வந்துவிட்டது என்று அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது. சந்தோஷத்தில் கண்ணீர் வழிந்தது. சட்டங்களுக்கு நடுவே தெரிந்த பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாதங்கள் ஒரு கணம் அசையாமல் இருந்தன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, சத்தம் எழாமல், மேலே இழுத்துக்கொள்ளப்பட்டன. கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

“பாத்தியாடா, இன்னும் எப்படிக் கூப்பிடறார்னு” என்று மகனிடம் உருகினாள் அந்த அம்மாள். படிக்கட்டுப் பக்கம் தலையை நீட்டிப் பார்த்தாள். “எங்க, மேலயா இருக்காங்க அவங்க?”

“இல்லீங்கம்மா” என்றார் லிஃப்ட்காரர், அதே குரலில். “மேல யாரும் இல்லீங்க.”

அவர் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. பல் மருத்துவர் நன்றி சொல்லி அதிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டார்.